வாட்ச்மேன் நாற்காலியா, கட்டட வேலையா? பென்ஷன் வந்த ராணுவத்தினருக்கு எது சரி?

பாலாற்றங்கரை சாப்பர்:

போன வாரம் வேலூரில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்துவிட்டவர் என்னைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். லடாக்கில் என்னோடு ஒரே ஃபீல்டு கம்பெனியில் இருந்தவர், மேசன் ட்ரேடு. விரல் விறைக்கும் குளிரில் ஆற்றுக் கல்லை வைத்து அவர் எழுப்பிய சுவரில் ஒரு கல் ஆடி நான் பார்த்ததில்லை. இப்போது பன்னிரண்டு மணி நேரம் நின்று கதவு திறக்கிறார், மாதம் 11,000 ரூபாய்க்கு. இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் இந்தத் திரி.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் பிரிவான பெங்களூரு எம்.இ.ஜி. 22 வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தேன். சாப்பர் என்றால் முதலில் சிப்பாய், அதோடு ஒரு தொழிலும் கையில் இருக்கும். மேசன், கார்பென்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் என்று ஆளுக்கொரு ட்ரேடு. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டு நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போனபோது, ஆகஸ்ட் 1 மாலைக்குள் அங்கே 190 அடி பெய்லி இரும்புப் பாலத்தைப் போட்டு முடித்தது எங்கள் ஆட்கள். இப்படிப்பட்டவர்கள் பென்ஷன் வந்ததும் நேராக செக்யூரிட்டி ஏஜென்சி வாசலில் போய் நிற்கிறார்கள். 37, 40 வயதில் வெளியே வருகிறோம். இன்னும் இருபது வருடம் உழைக்கிற உடம்பு. எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அவ்வளவு பேர் பட்டாளத்துக்குப் போன ஊர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் குழாய் வேலைக்கு ஆள் தேடினால் நாலு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பிளம்பர் ட்ரேடு. வெளியே வந்ததும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன். பட்டாளத்தில் நான் செய்தது ஜி.ஐ. இரும்பு பைப். மரை வெட்டி, சணல் சுற்றி, ரென்ச் போட்டு முறுக்கினால் அன்றே தண்ணீர் விடலாம். வெளியே எல்லாம் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப், பசை தடவி ஒட்டுகிற வேலை. முதல் வீட்டில் பாத்ரூம் லைன் ஒட்டிய கையோடு வால்வைத் திறந்தேன். மூன்று ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு சுவர் முழுக்க நனைந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னப் பையன்தான் அங்கே பிளம்பிங் மேஸ்திரி. அவன் கோபப்படவில்லை. "அண்ணே, உள்ளே சொருகி கால் சுற்று திருப்புங்க. கையை எடுக்காம முப்பது எண்ணுங்க. அப்புறம் நாளைக்குத்தான் தண்ணி" என்றான். அவனிடம் எட்டு மாதம் கையாளாக இருந்தேன். இப்போது என்னிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள்.

பட்டாளத்தை விட்டு வருகிற எல்லோரும் கட்டடத் தொழில் பக்கம் வர வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கொத்தனார் மகள்:

ஐயா, உங்கள் நண்பரைப் பற்றிப் படித்தபோது எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் உங்கள் கட்சியை நான் எதிர்க்கிறேன்.

என் அப்பா 31 வருடம் கொத்தனார். ஆம்பூர், வாணியம்பாடி, ஓசூர் என்று கட்டடம் எங்கேயோ அங்கே போவார். 2016-ல் இரண்டாம் மாடி வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சவுக்குக் கட்டைச் சாரம். முந்தைய வாரம் பூராவும் மழை, கயிறு இற்றுப்போனதை யாரும் பார்க்கவில்லை. குறுக்குக் கட்டை நழுவி அப்பா செங்கல் குவியல்மேல் விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. காண்ட்ராக்டர் முதல் பில்லைக் கட்டினார், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்ததால் இப்போது மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஓய்வூதியம் வருகிறது. எங்களுக்கு அவ்வளவுதான்.

உங்களுக்கு அரசாங்க பென்ஷன் உண்டு, முன்னாள் படைவீரருக்கான ஈ.சி.எச்.எஸ். ஆஸ்பத்திரி உண்டு, கேன்டீன் உண்டு. நாட்டுக்காக நின்றீர்கள், அதெல்லாம் உங்களுக்கு உரியது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் முப்பதாயிரம் பென்ஷன் வருகிறவர் 800 ரூபாய் நாள் கூலிக்கும் வேலைக்கு வருவார், ஏனென்றால் அவருக்கு அது கூடுதல் வருமானம். என் அப்பா மாதிரி ஆட்களுக்கு 1,200 ரூபாய் நாள் கூலிதான் அரிசி, வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம். காண்ட்ராக்டர் யாரைக் கூப்பிடுவார்?

இன்னொன்றும் இருக்கிறது. என் அம்மா 26 வருடம் சித்தாள். கலவை அளவு, செங்கல் நனைப்பு, பூச்சு மட்டம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் கரணை பிடித்து உள்பூச்சை முடித்தே கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரு நாளும் அவருக்குக் கொத்தனார் கூலி கிடைத்ததில்லை. 26 வருடம் சுமந்த பெண்ணுக்கு ஏறத் தராத படியில், வெளியிலிருந்து வருகிறவர் எட்டு மாதத்தில் ஏறி நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறார். நீங்கள் உழைத்துத்தான் ஏறினீர்கள், அதை நம்புகிறேன். அந்தப் படி உங்களுக்கு ஏன் அவ்வளவு சுலபமாகத் திறந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கோவை சைட் இன்ஜினியர்:

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் சைட்டில் கம்பி கட்டுகிறவர்கள் ஒடிசா, சென்ட்ரிங் பீகார், டைல்ஸ் ராஜஸ்தான். எனக்கு இந்தி சுமார்தான், மேஸ்திரிக்கு அதுவும் கிடையாது. சைகையிலேயே தளம் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரை சூப்பர்வைசராக எடுத்தோம். ஆர்ட்டிலரி, கட்டட அனுபவம் துளியும் கிடையாது. வந்த முதல் வாரமே பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, இந்தியிலேயே யாருக்கு எந்த ஜில்லா, யார் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில் என்ன சிக்கல் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். அதன் பிறகு சைட்டில் சத்தம் குறைந்தது.

ஒரு சம்பவம். 5 மீட்டர் அகல ஹாலுக்குக் கான்கிரீட் தளம் போட்டு ஐந்தாவது நாள். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது, தளத்தைத் தாங்குகிற முட்டுகளைப் பிரியுங்கள் என்று உரிமையாளர் வந்து நின்றார். கான்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456 விதிப்படி நாலரை மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும். நான் அன்று வேறு சைட்டில் இருந்தேன். சென்ட்ரிங் மேஸ்திரி சுத்தியலோடு தயார். சுபேதார் ஒவ்வொரு முட்டிலும் சாக்பீஸால் தளம் போட்ட தேதியையும் பிரிக்க வேண்டிய தேதியையும் முன்பே எழுதி வைத்திருந்தார். உரிமையாளரை முட்டுக்குப் பக்கத்தில் அழைத்துப்போய் அந்தத் தேதியைக் காட்டி, "சார், இன்னும் ஒன்பது நாள் இருக்கு. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நான் இன்ஜினியருக்கு அனுப்பிட்டுப் பிரிக்கச் சொல்றேன்" என்றார். உரிமையாளர் எழுதித் தரவில்லை, போய்விட்டார். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்கே அவருக்குக் கொடுக்கிற சம்பளம் தகும்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. பழைய கொத்தனார் ஒருவரை எல்லோர் முன்னாலும் அதட்டினார். அவர் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்தான், திரும்பி வரவேயில்லை. கல் மூலை எடுப்பதில் அவருக்கு ஈடான ஆள் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ராஜபாளையம் ஜி.டி.:

சாப்பர் அண்ணா, நீங்கள் சொல்வது சாப்பருக்குப் பொருந்தும். நான் இன்ஃபன்ட்ரி, ஜெனரல் டியூட்டி. பட்டாளத்தில் எங்களைப் போன்றவர்கள்தான் அதிகம். எங்கள் கையில் ட்ரேடு கிடையாது. உங்கள் பதிவை என் மாதிரி ஆள் ஒருவர் படித்துவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது என்பதால் என் கதையை எழுதுகிறேன்.

17 வருடம் முடித்து வந்தேன். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), பி.எஃப். எல்லாம் சேர்த்து 22 லட்சத்துக்குப் பக்கம். சித்தப்பா மகன் கட்டட வேலை பார்த்தவன். "மாமன் மச்சான் எல்லாம் வீடு கட்டுறாங்க, நீ மிலிட்டரிக்காரன், உன்னை நம்பிக் குடுப்பாங்க" என்றான். நம்பித்தான் கொடுத்தார்கள். மூன்று வீடுகளைச் சதுர அடி கணக்கில் மெட்டீரியலோடு பேசினேன். வேலை பிடிக்க வேண்டும் என்று ஊர் விலையைவிடக் குறைத்துச் சொன்னேன். கொத்தனார் மகள் தங்கச்சி முன்னால் எழுதியது பொய்யில்லை. பென்ஷன் இருக்கிறது, லாபம் மெதுவாக வரட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். அதனால் எங்கள் ஊரில் இன்னொரு காண்ட்ராக்டருக்கு வேலை போனது. அதை அன்றைக்கு நான் யோசிக்கவேயில்லை.

ஒரு தளத்துக்கு எவ்வளவு கம்பி போகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. கடைக்காரர் சொன்னதை வாங்கினேன். 2021-ல் கம்பி விலை ஏறியபோது நான் பேசிய ரேட் அப்படியே நின்றது. மூன்றாவது வீட்டில் மேஸ்திரியிடம் பிளட்டூன் மாதிரி குரல் கொடுத்தேன், அவர் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் என் மாமியார் வழி உறவு. இன்றைக்கும் விசேஷங்களில் அந்தக் குடும்பம் எங்களோடு பேசுவதில்லை. 9 லட்சம் நஷ்டம். மனைவி நகை இன்னும் திரும்பவில்லை.

இப்போது டெக்ஸ்கோ மூலமாகக் காவல் பணி பார்க்கிறேன். முன்னாள் படைவீரர்களுக்காக 1986-ல் அரசாங்கமே தொடங்கிய நிறுவனம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் தோற்றுப்போனவர் என்று எழுதாதீர்கள் அண்ணா. எனக்கு அந்த நாற்காலிதான் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இன்னொரு பயமும் இருக்கிறது. தமிழக அரசு இப்போது 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் தொழில் தெரியாதவர் அந்தக் கடனோடு காண்ட்ராக்ட் எடுத்தால், என் 9 லட்சம் அவருக்கு 40 லட்சமாகும்.

பாலாற்றங்கரை சாப்பர்:

ஜி.டி. தம்பி, மனசார மன்னிப்புக் கேட்கிறேன். நாற்காலியைக் கேவலமாகச் சொல்ல நினைக்கவில்லை. நகைக்கடை வாசலில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் என்னை உறுத்தியது. அந்த உறுத்தலில் கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் போனது காண்ட்ராக்டுக்கு. நான் சொல்வது கைத்தொழிலை. காண்ட்ராக்ட் என்பது பணம், கணக்கு, ஆள் பிடிப்பது. அதைத் தொழில் கற்றுப் பத்து வருடம் கழித்து எடுக்க வேண்டும். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறது, ஊரில் மரியாதை இருக்கிறது, கையாளாக நிற்க வெட்கம். நேரே முதலாளி ஆகிவிடுகிறார்கள். எனக்கும் அந்த வெட்கம் இருந்தது. முதல் மாதம் சைட்டுக்குச் சாப்பாட்டுப் பையோடு போகும்போது மெயின் ரோட்டில் போகாமல் ஆற்றோரமாகச் சுற்றிப் போவேன்.

கொத்தனார் மகள் கேட்டதற்கு வருகிறேன். //அந்தப் படி உங்களுக்கு ஏன் அவ்வளவு சுலபமாகத் திறந்தது// என்று கேட்டீர்கள். உண்மைதான். வீட்டுக்காரர்கள் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், 'மிலிட்டரிக்காரர்' என்ற ஒரே காரணத்தால். எனக்குக் கற்றுக் கொடுத்த அந்தப் பையனிடம் யாரும் சாவியைக் கொடுத்ததில்லை. இதை நீங்கள் கேட்கும்வரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் கூலியைக் குறைத்து நான் ஒரு நாளும் வேலை பிடித்ததில்லை.

பெய்லி பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். அது முன்கூட்டியே செய்து வைத்த இரும்புப் பேனல்களை ஆணி போட்டுப் பூட்டிக் கோக்கிற வேலை. வீடு கட்டுவதற்கு அதை ஆதாரமாகக் காட்டியது சரியல்ல. அதில் இருப்பது ஒழுங்கும் வேகமும். பூச்சு வேலைக்கு வேறு கை வேண்டும்.

எடிசன்வாசி:

நான் இருப்பது அமெரிக்காவில், நியூஜெர்சி. இங்கே இதற்கென்றே 2003-லிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. பெயர் 'ஹெல்மெட்ஸ் டு ஹார்ட்ஹாட்ஸ்'. படையிலிருந்து வருகிறவர்களைக் கட்டடத் தொழிற்சங்கங்களின் அப்ரன்டிஸ் (பழகுநர்) பயிற்சியில் சேர்த்துவிடுவார்கள். எலக்ட்ரீஷியன், பைப்ஃபிட்டர், அயர்ன்வொர்க்கர் என்று மூன்றிலிருந்து ஐந்து வருடம். கூலி வாங்கிக்கொண்டே கற்கலாம். படைவீரர் கல்விச் சலுகையிலிருந்து பயிற்சிக் காலத்துக்கு வீட்டு வாடகைக்கும் பணம் வரும்.

என் வீட்டு மின்பெட்டியை மாற்ற வந்தவர் முன்னாள் மரீன். ஈராக்கில் இருந்தவர், வயது நாற்பது இருக்கும். அவருக்கு மேல் வேலை பார்த்தவருக்கு முப்பதுகூட இல்லை. மரீனில் சார்ஜென்ட் என்பதற்காக யாரும் அவரை இரண்டாம் வருடத்தில் சேர்க்கவில்லை, முதல் வருட அப்ரன்டிஸாகத்தான் ஆரம்பித்தாராம். கூலி சங்கம் நிர்ணயித்த கூலி, படையிலிருந்து வந்தவருக்கும் வராதவருக்கும் ஒன்றேதான். கொத்தனார் மகள் சொல்லும் பிரச்சினை இங்கே எழாததற்குக் காரணம் அந்தக் கூலிப் பட்டியல்.

கொத்தனார் மகள்:

எடிசன் அண்ணன் சொன்னதுதான் என் வாதமே. அங்கே சங்கம் கூலியைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே காலையில் முச்சந்தியில் நிற்கிறவரிடம் கூலி பேரம் பேசித்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். அந்த இடத்துக்குள் பென்ஷன்காரர் வந்தால் பேரம் கீழே போகும். ஜி.டி. அண்ணன் அதை மறைக்காமல் எழுதினார், அவருக்கு என் நன்றி.

கோவை சார் எழுதிய முட்டு விஷயத்தை மூன்று முறை படித்தேன். அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். "அப்படி ஒருத்தர் தினமும் காலையில சாரக் கயித்தைத் தொட்டுப் பார்த்திருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன்" என்றார். அதனால் இந்த இடத்தில் மட்டும் என் கட்சியைத் தளர்த்துகிறேன். சாரம், கயிறு, ஹெல்மெட், பெல்ட், முட்டுத் தேதி ஆகியவற்றைப் பார்ப்பதற்கென்று ஒருவர் வேண்டும். சின்ன சைட் எதிலும் இப்போது அப்படி ஒருவர் கிடையாது. அந்த வேலைக்கு நீங்கள் வந்தால் யார் கூலியும் குறையாது, ஆள்தான் கூடும். ஆனால் கரணைக்கும் கூலிக்கும் வந்தால் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

ஜவான் வீட்டம்மா:

ஆண்களாகப் பேசிக்கொண்டே போகிறீர்கள், ஒன்று சொல்லட்டுமா? என் வீட்டுக்காரர் வந்து நாலு வருடம் ஆகிறது. வயது 42. மலையில் சுமை தூக்கி ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு காது சரியாகக் கேட்காது. //இருபது வருடம் உழைக்கிற உடம்பு// என்று சாப்பர் அண்ணன் எழுதியிருக்கிறார். எல்லா உடம்பும் அப்படி இல்லை அண்ணா. இவர் ஏணியில் நின்றால் கீழே நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அந்த வேலைக்கு நான் எப்படி அனுப்புவேன்?

வீட்டில் உட்காரவும் முடியவில்லை. பகலில் ஐந்து தடவை கேட் வரைக்கும் நடப்பார். போன வருடம் எங்கள் வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினபோது, கொத்தனாருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, சாயந்திரம் சுவரை நனைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஏழு நாள் சொன்னார்கள், இவர் பத்து நாளும் காலை மாலை விடாமல் நனைத்தார். அந்தப் பத்து நாள் ராத்திரியில் எழாமல் தூங்கினார். அதனால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். எந்த வேலை என்று பார்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அக்னி அண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம். நீங்க பென்ஷன் பென்ஷன்னு பேசுறீங்க, என் தம்பிக்கு அதுவே கிடையாது. அவன் அக்னிவீர். நாலு வருஷம் முடிஞ்சா நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான் வச்சுக்குவாங்க. மத்தவங்களுக்கு சேவா நிதி, பதினொன்னே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவா வரும். அதோட சரி. வெளிய வர்றப்ப அவனுக்கு 23 வயசு. ஒயரிங் கத்துக்கலாம்னு ஆசைப்படுறான். கொத்தனார் மகள் அக்கா, இவனும் உங்க கணக்குல பென்ஷன்காரனா? இவன் கூலிக்கு வந்தா தப்பா?

கொத்தனார் மகள்:

இல்லை தம்பி. உங்கள் தம்பியும் நாங்களும் ஒரே வரிசை. பென்ஷன் இல்லை, ஆஸ்பத்திரி அட்டை இல்லை. அவர் வரட்டும், முதல் நாளே நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் பதிவுப் படிவம் எழுதிக் கொடுக்கிற வேலையை நான்தான் பார்க்கிறேன். 11 லட்சத்தையும் முதலில் பாங்கில் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

ராஜபாளையம் ஜி.டி.:

அந்தக் கடைசி வரியை நானும் சொல்கிறேன் தம்பி. அந்தப் பணத்தைப் பார்த்து உறவுக்காரர் யாராவது பங்காளியாக வருவார். இரண்டு வருடம் யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பாலாற்றங்கரை சாப்பர்:

அக்னி தம்பிக்கு: ஒயரிங் என்றால் காகிதம் முக்கியம். நம் மாநிலத்தில் மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வு எழுத ஒயரிங் தொழிலில் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள், வயது 21 ஆகியிருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு வயது சரி, அனுபவம்தான் இடிக்கும். படையில் எலக்ட்ரிக்கல் சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறானா என்று கேளுங்கள். பார்த்தால் எதை, எத்தனை நாள் செய்தான் என்று வெளியே வருவதற்கு முன்னால் எழுத்தில் வாங்கிவிடட்டும். நான் அதை வாங்காமல் வந்துவிட்டேன், பிறகு யூனிட்டுக்கு நாலு கடிதம் போட்டேன். அப்படி இல்லையென்றால் ஐ.டி.ஐ.-யில் சேரட்டும். 23 வயது ஒரு வயதே இல்லை.

அம்மா, முழங்கால் விஷயத்தை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். மேற்பார்வை வேலை, ஸ்டோர் கணக்கு, கான்கிரீட்டை நனைக்கிற பொறுப்பு, இந்த மாதிரி வேலைகளுக்கு வேலூர் பக்கமே ஆள் கேட்கிறார்கள். தனிச் செய்தியில் உங்கள் ஊரை மட்டும் சொல்லுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

கோவை சைட் இன்ஜினியர்:

ஜவான் வீட்டம்மா கவனத்துக்கு: கான்கிரீட்டை விடாமல் நனைக்கிற ஆள் எனக்குத் தங்கம் மாதிரி. சாதாரண சிமென்டுக்கே ஏழு நாள் குறைந்தபட்சம். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. என்கிற சாம்பல் கலந்த சிமென்ட், அதற்குப் பத்து நாள் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் பத்து நாள் ஊற்றியதுதான் சரியான கணக்கு.

பாலாற்றங்கரை சாப்பர்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நகைக்கடை நண்பரைப் போய்ப் பார்த்தேன். முதலில் கோபப்பட்டார், "உனக்கு ஆள் கிடைச்சா போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வார லீவு. காட்பாடியில் நான் பைப் போடுகிற வீட்டில் காம்பவுண்டுச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள், சும்மா பார்த்துவிட்டுப் போங்கள் என்று அழைத்தேன். அரை மணி நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மேஸ்திரியிடம், "தம்பி, கயிறு நடுவுல தொய்யுது" என்றார். மேஸ்திரி பார்த்தார், தொய்ந்துதான் இருந்தது. நடுவில் ஒரு கல்லை வைத்துக் கயிற்றைத் தூக்கிக் கட்டினார். நண்பர் சட்டையைக் கழற்றித் தென்னை மரத்தில் மாட்டிவிட்டுக் கரணையை வாங்கினார். முதல் ஐந்து கல் தடுமாறியது. லடாக்கில் அவர் வைத்தது ஒழுங்கில்லாத கல், இங்கே செங்கல், கலவை விழுகிற விதமே வேறு. மதியத்துக்குள் ஒரு வரிசை முடித்தார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மூலையைக் காட்டினார்.

மாதக் கடைசிவரை கடை வேலை, ஞாயிறு மட்டும் இங்கே. அதற்குப் பிறகு அவர் முடிவு.

கொத்தனார் மகள்:

படிக்க மனசு நிறைந்தது ஐயா. கூலி எவ்வளவு கொடுத்தார்கள்?

பாலாற்றங்கரை சாப்பர்:

1,000. மற்றவர்களுக்கு 1,200. கை பழகும்வரை போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

கொத்தனார் மகள்:

இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நல்ல மனசோடு விட்டுக் கொடுத்த 200 ரூபாய் அடுத்த ஞாயிறு அந்த மேஸ்திரியின் பேச்சில் வரும். "மிலிட்டரிக்காரரே ஆயிரத்துக்கு வர்றார், உனக்கென்ன" என்று இன்னொரு கொத்தனாரிடம் கேட்பார். என் அப்பாவிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். பழகுநர் என்றால் கையாள் கூலி வாங்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கொத்தனார் வேலை செய்தால் கொத்தனார் கூலி. நடுவில் ஒரு கூலி வேண்டாம்.

பாலாற்றங்கரை சாப்பர்:

சரி அம்மா. சனிக்கிழமை மேஸ்திரியிடம் பேசுகிறேன். நண்பரிடம் இன்று இரவே பேசுகிறேன், அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.